கறுப்புப் பாலிஷ் போடவில்லை, அப்பு

அப்பு,

நீ எழுதியபடி பீரோவுக்குக் கறுப்புப் பாலிஷ் போடவில்லை. போடப்போவதும் இல்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கோபத்தை இங்கேயே தீர்த்துக்கொண்டால் மீதியை நிதானமாகப் படிக்கலாம். படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. கல்யாணம் முடிந்து திருச்சியில் குடித்தனம் வைத்த பிறகு மங்கைக்கும் வாசித்துக் காட்டு. அவள் சேலை அடுக்கப்போகிற பீரோ அது. அவளுக்கும் விளங்க வேண்டும் என்றுதான் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சேர்த்து எழுதுகிறேன். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, தெரிந்த கதையையே சொல்கிறாள் என்று நினைக்காதே. வயதானது உண்மைதான், கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. புத்தி என்னவோ முன்னைவிடத் தெளிவாக இருக்கிறது.

உன் ஆபீசர் வீட்டுக் கூடத்தில் ஈட்டி மரப் பீரோ ஒன்றைப் பார்த்தாயாம். முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம் போல மின்னியதாம். நம்முடையது வாகை. கறுத்த வைரத்தை ஒட்டி வெளிறிய பட்டை ஒன்று ஓடுகிற மரம். அந்த வெள்ளைப் பட்டை கண்ணில் படவே கூடாது, தோட்டத்து மரம் என்று எவருக்கும் தெரியக்கூடாது, ஈட்டி போலவே கன்னங்கரேலென்று இருக்க வேண்டும் என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இருந்தாலும் பீரோ உன்னுடையது, ஆசையும் உன்னுடையது. நாகல் நகர்ப் பட்டறைக்குப் போய் ஆசாரியிடம் வாசித்துக் காட்டினேன். "தம்பி சொன்னபடியே செஞ்சுருவோம் தாயி" என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

பூசி மறைக்கிற இந்த ஆசை உனக்கு உன் அப்பாவிடமிருந்து வந்தது. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் என் அய்யா முதன்முதலாக இந்த வீட்டுக்கு விருந்துக்கு வந்தார். வீட்டில் இருந்தது ஒரே ஒரு பழைய வேப்பம் பெஞ்சு. மாமனார் முன்னால் அது மானத்தை வாங்கிவிடும் என்று உன் அப்பா முதல் நாள் சாயங்காலம் பச்சைப் பெயிண்ட் வாங்கிவந்து தானே பூசினார். ஐப்பசித் தூற்றல், ஈரக் காற்று, பெயிண்ட் காயவில்லை. என் அய்யா வெள்ளை வேட்டியோடு அதில் உட்கார்ந்து, மூன்று முறை குழம்பு கேட்டுச் சாப்பிட்டு, திரும்பவும் அதிலேயே சாய்ந்து வெற்றிலை போட்டுவிட்டு எழுந்தார். பின்பக்கம் முழுக்கப் பச்சை வரி வரியாக இருக்கிறது. சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. பஸ் ஏறும் இடம் வரைக்கும் தெருவே பார்த்துச் சிரித்திருக்கிறது. ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, "எம் மருமகன் எனக்குப் பச்சைக் கரை வேட்டி எடுத்துக் குடுத்திருக்காரு, கரையத்தான் இடம் மாத்திப் போட்டுட்டாரு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம். பெயிண்ட் கெட்டது என்று நான் சொல்லவில்லை. வெயிலில் மழையில் நிற்கிற ஜன்னலுக்கும் கதவுக்கும் அதைவிட்டால் வேறு இல்லை. வீட்டுக்குள் இருந்து நம்மோடு உட்கார்ந்து எழுந்திருக்கிற சாமானுக்கு அது எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

இனி அத்தை. மங்கைக்காகச் சொல்கிறேன்: உன் அப்பாவின் அக்கா. இளவயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பியிடம் வந்தவள். எரியோட்டுத் தோட்டத்தில் தனியாளாக இருந்து கத்தரியும் வெங்காயமும் போட்டு விளைவிக்கிறவள். வெள்ளைச் சேலைதான், கழுத்திலும் கையிலும் ஒன்றும் கிடையாது. எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். நான் வைக்கிற குழம்பில் புளி தூக்கல் என்பாள், அவள் கட்டுகிற கீரைக்கட்டில் பாதி மண் என்பேன். ஆனால் நீ பிறந்து நான் ஜன்னி கண்டு நினைவில்லாமல் கிடந்தபோது, உன்னை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்து ஊட்டியவள் அவள்தான். குளிப்பாட்டியது, மருந்து உரைத்துக் கொடுத்தது, உச்சிக்கு எண்ணெய் வைத்தது எல்லாம் அந்தக் கைதான். நான் எழுந்து உட்கார்ந்தபோது நீ என்னைப் பார்த்து வீறிட்டு அழுதாய், அவளிடம்தான் போனாய். அந்தப் பொறாமை எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை.

அப்படிப்பட்டவள் உனக்குக் காது குத்தியபோது மாட்டுக் கொட்டகையில் போய் நின்றுகொண்டாள். தாலி அறுத்தவள் கை நல்ல காரியத்தில் படக்கூடாது என்ற வழக்கத்தை ஊர் மறந்தாலும் அவள் மறக்க மாட்டாள். பத்திரிகைக்கு மஞ்சள் தடவும்போது எழுந்து போய்விடுவாள். புதுச் சாமான் வீட்டுக்கு வந்தால் மற்றப் பெண்கள் மஞ்சள் அப்பிப் பொட்டு வைத்து முடிக்கும் வரை கிட்டவே வர மாட்டாள். இத்தனைக்கும் இந்தப் பீரோவுக்கான மரத்தையே காப்பாற்றியது அவள். கிணற்றடி வாகை காற்றில் சாய்ந்தபோது உன் அப்பா விறகுக்குப் பேசிவிட்டார். வண்டியோடு வந்தவனைத் திருப்பி அனுப்பிவிட்டு, மரத்தை அறுக்கச் சொல்லி, பலகைகளைப் பம்புசெட் ரூமில் அடுக்கி, பலகைக்கும் பலகைக்கும் நடுவே மூங்கில் சிம்பு கொடுத்துக் காற்றாட வைத்தாள். மழைக்காலத்தில் தானே புரட்டிப் போட்டாள். பாலிஷைப் பற்றி நீ இவ்வளவு யோசிக்கிறாயே, சரியாகக் காயாத பலகையில் எதைப் பூசினாலும் முதல் கோடையிலேயே கதவு முறுக்கிக்கொள்ளும். நம் பீரோவின் கதவு இன்று தட்டினால் கணீரென்கிறது.

கார்த்திகை மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு காலையில் ஆசாரி மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தார். "தாயி, ஒரு எட்டு பட்டறைக்கு வந்துட்டுப் போங்க. நான் ஒண்ணும் பண்ணல" என்றார். நான் ஒண்ணும் பண்ணல என்று ஒருவர் ஆரம்பித்தால் என்னமோ பண்ணியிருக்கிறார் என்று அர்த்தம். போனேன். பீரோவின் இடது கதவில், நீ மறைக்கச் சொன்ன அதே வெள்ளைப் பட்டையில், ஐந்து விரலும் பதிந்த ஒரு கை, ரத்தம் போல் சிவப்பாக இருந்தது. நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். கல்யாணச் சாமானில் ரத்தக் கை என்றால் யார்தான் கிட்டே போவார்கள்?

பாலிஷ் போடுவதற்கு முன்னால் மரத்தின் கண்ணை, அதாவது பொடித் துளைகளை, அடைக்கச் சீமைச்சுண்ணாம்புப் பொடியைக் குழைத்துத் தேய்ப்பார்கள். அன்று பொடி தீர்ந்துபோயிருந்தது. மழையில் கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, பட்டறைச் சுவருக்கு வெள்ளையடிக்க ஊறப்போட்டிருந்த சுண்ணாம்பை எடுத்துக் காவியோடு குழைத்துத் தேய்த்திருக்கிறார். தேய்க்கத் தேய்க்கக் கை எழும்பி வந்திருக்கிறது. "என்னத்த மறைக்கிறீக, உள்ளதச் சொல்லுங்க" என்று அதட்டினேன். அப்புறம்தான் வாயைத் திறந்தார். "நேத்து உங்க மதினி எரியோட்டுலருந்து வந்தாக. செத்த நேரம் பீரோவையே பாத்துக்கிட்டு நின்னாக. இதுக்கு மேல கறுப்பு பூசுவீகளான்னு கேட்டாக. ஆமா, தம்பி அப்படித்தான் எழுதியிருக்காருன்னேன். அடியில எது இருந்தாலும் அம்புட்டும் மறைஞ்சுருமான்னு மறுக்கா கேட்டாக. மறைஞ்சுரும்னேன். குடிக்கத் தண்ணி கேட்டாக, எடுத்தார உள்ள போனேன். வந்து பாத்தா ஆளக் காணோம். பட்டையில லேசா மஞ்சளா இருந்துச்சு. மேலதான் கறுப்பு வரப்போகுதேன்னு விட்டுட்டேன்."

அவர் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. மோதிர விரல் பாதியில் மடங்கி, நுனி மட்டும் தனியாகப் பதிந்திருந்தது. கிணற்றில் மாடு கட்டி நீர் இறைக்கிற கமலைக் கயிற்றில் சிக்கி ஒடிந்த விரல், ஊரில் வேறு யாருக்கும் கிடையாது. முந்தானையில் மஞ்சளை முடிந்துகொண்டு, பஸ் ஏறி வந்து, யாரும் பார்க்காத நேரத்தில் உள்ளங்கையில் குழைத்து அப்பிவிட்டு, திருடி போல ஓடியிருக்கிறாள். கறுப்பு பூசினால் எவர் கண்ணிலும் படாது என்ற தைரியத்தில்தான் இத்தனை காலத்தில் முதன்முறையாக அவள் அதைச் செய்திருக்கிறாள். நீ கேட்ட கறுப்புதான் அவளுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தது. பட்டறையில் நின்றுகொண்டு நான் அழுதேன், அப்பு. அவளுக்காக நான் அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

உன் அப்பா வந்து பார்த்தார். நல்ல மனிதர், வம்பு என்றால் ஒதுங்கிப் போகிறவர். "நல்லதாப் போச்சு, பையன்தான் கறுப்புக் கேட்டிருக்கானே, பூசிரச் சொல்லு. யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றார். அதற்குள் பட்டறைக்கு வந்துபோனவர்கள் மூலம் விஷயம் எரியோட்டுக்கே போய்விட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மதியத்துக்குள் அத்தை வந்து நின்றாள். கதவைப் பார்த்தாள். பார்த்ததும் அப்படியே மரத்தூளில் உட்கார்ந்துவிட்டாள். "பிள்ளை வாழ்க்கையில நானே ரத்தக் கறையப் பூசிட்டேனே ஆத்தா. எனக்கு எதுக்கு இந்தப் பொல்லாத ஆசை? அழிச்சிருங்க. நா கல்யாணத்துக்கு வரல, எரியோட்டவிட்டு நகர மாட்டேன், உங்க கண்ணுலயே பட மாட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"மதினி, நிறுத்துங்க" என்றேன். "மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா என்ன வரும்?"

அவள் மரத்தூளைக் கையால் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"தெரியாதா? அம்புட்டுக் கல்யாணத்துக்கும் அடுப்படியில ஒளிஞ்சு நின்னு கரைச்சுக் குடுத்தது நீங்கதான? சொல்லுங்க, என்ன வரும்?"

"ஆலாத்தி" என்றாள், வாய்க்குள்ளேயே.

"இது ரத்தமில்ல மதினி, ஆலாத்தி. இந்தக் கைதான இவனக் குளிப்பாட்டிச்சு? பிள்ளைக்கு ஆன கை பீரோவுக்கு ஆகாதா?"

அவள் எழுந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் ஆசாரியிடம் திரும்பி, கறுப்பு கிடையாது, கை தெரிகிற மாதிரி என்ன போடலாம் என்று கேட்டேன். அவர் அதற்கு முன்பு பலரும் மறைக்கச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார் போலும், முழித்தார். பிறகு ஒரு துண்டு வாகையில் நானே மஞ்சள் தடவி, அவர் சுண்ணாம்பு தேய்த்து, இரண்டு பேரும் பரீட்சை செய்து பார்த்தோம். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சுப் பொட்டலத்தால் தேய்க்கிற பாலிஷ்தான் நீ கேட்ட கண்ணாடி மினுமினுப்பைத் தரும். ஆனால் ஸ்பிரிட் பட்டதும் மஞ்சள் கரைந்து விரலெல்லாம் ஒன்றோடொன்று இழுகிவிட்டது. எண்ணெய் தேய்த்த துண்டில் நிறம் ஊறிப் பரவியது. வார்னிஷைத் தூரிகையால் ஒரே இழுப்பாக, திரும்பத் தேய்க்காமல் பூசியபோது கை கையாகவே நின்றது. "கண்ணாடி மாதிரி வராது தாயி. காய ரொம்ப நாளாகும், போகப் போகப் பழுப்பேறும். சிவப்பும் எம்புட்டு வருசம் நிக்கும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்" என்றார். நிற்கிறவரை நிற்கட்டும் என்றேன். பீரோவோடு செய்கிற கட்டிலுக்கும் மேஜைக்கும் நீ ஆசைப்பட்ட அரக்குப் பாலிஷே போடச் சொல்லியிருக்கிறேன், ஆனால் கறுப்புக் கலக்காமல். சூடான காபி டம்ளரை அந்த மேஜைமேல் வைத்தால் வெள்ளை வட்டம் விழும், முதல் சண்டை அதில் வரும். வட்டத்தை யார் போட்டது என்று விசாரிக்காதே, துடைத்துவிட்டுப் போ.

இதோடு முடியவில்லை. பாத்திரம் எடுக்கத் திண்டுக்கல் வந்த உன் மாமியார் ஒட்டன்சத்திரம் திரும்பும் முன் பட்டறைக்கு வந்தார். நேரே அந்தக் கதவின் முன்னால்தான் நின்றார். "ஏனுங்க சம்பந்தி, இதென்னங்க கதவுல?" என்றார். சின்ன வயதுக்காரி யாரோ விளையாட்டாகக் கை வைத்துவிட்டாள் என்று சொல்லியிருக்கலாம். உன் அப்பா பின்னாலிருந்து கண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தார். நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன், யார் கை, அவள் யார், எதற்காக வைத்தாள், ஏன் ஒளிந்து வைத்தாள் எல்லாவற்றையும். அந்த அம்மாள் முகம் சுருங்கியது. "எங்க பக்கம் இதெல்லாம் ரொம்பப் பாப்பாங்க. மேல கறுப்புப் பூசிடலாமில்லீங்க?" என்றார்.

"பீரோ உங்க பொண்ணுக்கு. மங்கை வேண்டாம்னா கதவக் கழட்டி எங்க வீட்டுல வச்சுக்கிட்டு வேற கதவு மாட்டிருவோம். கறுப்பு மட்டும் பூச மாட்டேன்" என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்று உன் அப்பா பிறகு சொன்னார். கல்யாணமே நின்றுபோகுமோ என்று அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை. எனக்கும் பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கையை மறைத்துவிட்டு மேளம் கொட்டினால் என் காதில் மேளம் விழாது என்றும் தெரிந்தது. "பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லியனுப்பறனுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனார். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய் லாரி வருகிற சத்தம் கேட்டாலே, சேதி வந்துவிட்டதோ என்று வாசலுக்கு ஓடினேன். கடைசியில் ஒரு லாரிக்காரர் வண்டியை நிறுத்தாமலேயே தலையை வெளியே நீட்டிச் சொன்னார். "மங்கை அம்மிணி சொல்லச் சொன்னாங்க, கையை அழிக்க வேண்டாமாமுங்க. வார்னிஷ் மட்டும் நல்லாக் காயட்டுமாமுங்க, சேலையில ஒட்டக்கூடாதாமுங்க."

அப்பு, உனக்கு வாய்த்திருப்பவள் கெட்டிக்காரி. அவள் பேச்சைக் கேட்டு நட.

வார்னிஷ் பூசியாகிவிட்டது. பட்டறைக்குள் தூசு பறக்காமல் ஓரமாகக் காய்கிறது. வெள்ளைப் பட்டை தெரிகிறது, வாகை வாகையாகத் தெரிகிறது, அதன்மேல் கையும் தெரிகிறது. இதைப் பார்த்துவிட்டு உன் ஆபீசர் ஏதாவது கேட்டால், எங்கள் அத்தையின் கை என்று சொல். அவ்வளவு சொல்லத் தெரிந்தால் போதும். சொல்லக் கூச்சமாக இருந்தால் அவரை வீட்டுக்குக் கூப்பிடாதே.

அத்தை மட்டும் இன்னும் வர மாட்டேன் என்கிறாள். உன் அப்பா போய்ப் பார்த்தார், திரும்பி வந்தார். நான் போனேன். கதவைத் திறக்காமல் உள்ளே இருந்தே, "உம் புருசங்கிட்டச் சொன்னதுதான் உனக்கும்" என்றாள். வெளியே நின்றே நானும் சொல்லிவிட்டு வந்தேன். மதினி, ஆலாத்தித் தட்டை நீங்கதான் எடுக்கணும், வேற யார் கையிலயும் நான் குடுக்க மாட்டேன், பொண்ணும் மாப்பிள்ளையும் வாசல்லயே நிக்கட்டும் என்று. உறவுக்காரப் பெண்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும், எனக்கும் வாய் இருக்கிறது. நீ லீவில் வரும்போது வீட்டுக்கு வராமல் நேரே எரியோட்டுக்குப் போ. உனக்குக் கதவைத் திறப்பாள். உனக்குத் திறக்காமல் இருக்க அவளால் முடியாது. உட்கார்ந்து அவள் போடுகிற சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, நான் சொன்னதையே நீயும் சொல். அழுவாள், அழட்டும், நீ எழுந்து வந்துவிடாதே. அப்படியும் வரவில்லை என்றால் கல்யாணத்தன்று நீயும் மங்கையும் வாசலில் நிற்க வேண்டியதுதான், வெயிலானாலும் மழையானாலும். அவள் வருவாள். நீ வெயிலில் நிற்பதை அவளால் தாங்க முடியாது. அவள் தட்டோடு வந்து நிற்கும்போது கொஞ்சம் குனிந்துகொள், அப்பு. பொட்டு வைக்க அவளுக்கு உன் நெற்றி எட்டாது.

உன் அம்மா